விளிம்பு சுத்தம்

அத்தை ஒரு கோப்பையை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். தண்டை இரண்டு விரலால் பிடித்து, கிண்ணத்தின் வயிற்றில் நகத்தால் ஒரு சுண்டு. ஈயம் கலந்த கிரிஸ்டல் என்றால் மணிச்சத்தம் எழும். போக மனமில்லாத விருந்தாளி வாசலில் நின்று நின்று போவது மாதிரி, மெதுவாகத்தான் அடங்கும். சாதாரணக் கண்ணாடி என்றால் ஒரு 'டக்', அவ்வளவுதான். சத்தம் முழுக்கப் போன பிறகே கண்ணைத் திறப்பாள்.

அடுத்து கோப்பையைக் கவிழ்த்து, பாதத்தின் அடியில் வாயால் ஊதுவாள். ஆவி படிந்த இடத்தில் தயாரித்தவர்களின் முத்திரை சில சமயம் ஒரு கணம் தோன்றி மறையும். முத்திரை இல்லாவிட்டால் அடியில் உள்ள கீறல்களைப் பார்ப்பாள். வருஷக்கணக்காக மேசையில் வைத்து எடுத்த கோப்பைக்குக் கீறல் எல்லாத் திசையிலும் இருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதற்கு எல்லாம் ஒரே திசையில் ஓடும். "பொய்க்குப் பொறுமை கிடையாதுடி, அவசரத்துல ஒரே பக்கமா தேய்ச்சிருக்கான் பாரு" என்பாள்.

கடைசியில் விரல். வலது கையின் நடுவிரல் நுனியைச் சித்திரத்தின் மேல் ஓட்டுவாள். சக்கரத்தில் வெட்டிய பூ என்றால் விரல் பள்ளத்தில் இறங்கி ஏறும். அமிலத்தில் அரித்த பூ என்றால் பனி படிந்த ஜன்னலைத் தொட்ட மாதிரி, இறக்கமே தெரியாது. மணலை வீசி அடித்துச் செய்த புதுச் சரக்கு பூனை நாக்குப் போல முழுக்கச் சொரசொரக்கும். அதன் பிறகு விளிம்பு. ஒரு முழுச் சுற்று. எங்காவது துளி உடைந்து பல் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். சுற்று முடிந்ததும் சொல்வாள்: "விளிம்பு சுத்தம்."

எங்கள் ஏலக்கடையில் அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் மதிப்பு. அத்தை சொல்லிவிட்டால் முதலாளி மறுபேச்சு பேச மாட்டார். வாங்குகிறவர்களும் கோப்பையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஒரு பெரிய விடுதியின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவளை, அங்கே சாமான் ஏலம் எடுக்க வந்த பெரிய முதலாளி பார்த்திருக்கிறார். தொட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒன்றிரண்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "இது ரெண்டும் வேற வீட்டுப் பிள்ளைங்க" என்றாளாம். அவர் அன்றே கூட்டி வந்துவிட்டார். அவர் காலமாகி, இப்போது அவர் மகன்தான் முதலாளி. சின்ன வயதில் கடைக்குள் பந்து விளையாடி அத்தையிடம் காதில் திருகு வாங்கியவர். ஆட்கள் முன்னால் அத்தை அவரை "முதலாளி" என்பாள். தனியாக இருந்தால் "தம்பி". அவருக்கு அத்தை எப்போதும் அக்காதான்.

கடைக்குள் நுழைந்ததும் நீள மேசை. அதற்குப் பின்னால், வாசலைப் பார்த்த மாதிரி அத்தையின் நாற்காலி. அதில் பொத்தான் பிய்ந்த ஒரு மெத்தை. பொருள் கொண்டு வருகிறவர்கள் படி ஏறும்போதே அத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துவிடுவாள். "பெட்டியைத் தூக்கற விதத்துலயே பாதி தெரிஞ்சிடும். விக்க வந்தவங்க பெட்டியை இடுப்புல வைப்பாங்க. விக்க மனசில்லாம வந்தவங்க நெஞ்சோட வைப்பாங்க." கழுவுகிற இடத்தில் பின்கட்டுச் சுவரைப் பார்த்தே நின்றவளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு வெகு நாள் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய பட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல், வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே, அந்தக் கடையில் பொருள்களைப் படம் எடுத்து விவரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் படிப்புச் செலவில் பாதி அந்த நடுவிரல் சம்பாதித்தது. அதனால்தான் அன்று சமையலறையில் பார்த்ததை என்னால் சும்மா விட முடியவில்லை.

அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியை அத்தை வெறுங்கையால் எடுத்தாள். எடுத்து, நிதானமாக என்னோடு பேசிக்கொண்டே கையில் வைத்திருந்தாள். மூடியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அத்தை, சுடலையா?"

"சுட்டா கத்த மாட்டேனா?" என்றவள் குனிந்து மூடியைப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். நுனி சிவந்து கன்றிப் போயிருந்தது. மூடியை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல்ல கால்ல வந்துச்சு. ஒத்தச் செருப்போட தெருமுனை வரைக்கும் நடந்திருக்கேன், அது கழண்டதே தெரியல. இப்ப கைக்கு வந்திருக்கு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகாம? சர்க்கரைன்னார். மாத்திரை குடுத்திருக்கார். போனது திரும்பி வருமான்னு கேட்டேன். 'இருக்கறதைக் காப்பாத்திக்குவோம்'னார். நல்ல மனுஷன், பொய் சொல்லல."

"கடையில தெரியுமா?"

"தெரிஞ்சா அந்த நாற்காலி எனக்கு இருக்குமா? கண்ணு போன தையக்காரனை யாரு வச்சுக்குவா? உங்கப்பன்கிட்டயும் மூச்சு விடாதே. அவன் உடனே 'வேலையை விட்டுருக்கா'ன்னு ஆரம்பிப்பான்."

அடுத்த வாரத்திலிருந்து அத்தை புது வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கோப்பையைக் கழுவித் துடைத்து, சித்திரத்தைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக உருட்டுவாள். விளிம்பையும் அப்படியே. விரல் மரத்துப் போனாலும் உதடு மரக்கவில்லை. "விரலை விட இது கெட்டிக்காரி. இத்தனை வருஷம் சும்மா பேச வச்சே வீணாக்கிட்டேன்" என்று என்னிடம் காதோடு சொன்னாள்.

ஆனால் கடையில் வைக்கோல் அண்ணன் இருக்கிறாரே. சாமான்களை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவர். அவர் வாய்க்கு மட்டும் பெட்டி கிடையாது.

"என்னக்கா, கிளாசுக்கெல்லாம் முத்தம் குடுக்கறீங்க? நாங்களும் இத்தனை வருஷமா கூட வேலை பாக்கறோம், ஒரு நல்ல வார்த்தை கூடக் கிடையாது."

"நீயும் குளிச்சுத் துடைச்சு வா, யோசிக்கறேன்."

"கவிழ்த்து ஊதுவீங்கன்னா வேணாங்க்கா."

கடை முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வாங்கற ஆளுங்க முன்னாடி வாய் வைக்காதீங்க. அவங்க வீட்டுல குடிக்கப் போற சாமான். எப்பவும் போல விரல்லயே பாருங்க."

"சரிங்க முதலாளி" என்றாள் அத்தை.

அன்றிலிருந்து இரட்டை வேலை. ஆட்கள் முன்னால் விரலைச் சுற்றிவிட்டு, "பொறுங்க, சாயங்காலம் வெளிச்சத்துல இன்னொரு தடவை பாத்துட்டு விலை சொல்றேன்" என்பாள். அவர்கள் போன பிறகு பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உதட்டில் வைத்துப் பார்ப்பாள். எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அத்தையின் நாற்காலியைக் காப்பாற்றுகிறேனா, அத்தை விழப்போகும் குழியை மறைக்கிறேனா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தது அப்படியொரு மதியம். பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

துண்டுகளில் சுற்றிய எட்டுக் கோப்பைகள். உயர்ந்த தண்டு, மெல்லிய கிண்ணம். கிண்ணத்தைச் சுற்றிப் பெரணி இலைகள், இலைகளுக்கு நடுவே தட்டான் பூச்சிகள். இறக்கை நரம்பு வரை தெரிந்தது. ஒரு கோப்பையின் தண்டில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"என் வீட்டுக்காரி ஒரு பெரிய வீட்டுல சமையல் பாத்தா" என்றார் பெரியவர். "அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகும்போது இதை அவளுக்குக் குடுத்தாங்க. அவ போயிட்டா. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். அங்க எனக்கு ஒரு கட்டிலு, ஒரு அலமாரித் தட்டு. அதுல இதை எங்க வைக்கறது?"

"இந்த நூல்?"

"அது அவளோடது. அவ குடிக்கற கிளாசுன்னு அடையாளம். மத்ததை எடுக்கவே மாட்டா."

அத்தை சுண்டினாள். மணிச்சத்தம் மேசையைத் தாண்டிப் போனது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தை ஊதினாள், முத்திரை இல்லை. அடியில் கீறல்கள் எல்லாப் பக்கமும். கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி ஓரிடத்தைக் காட்டினாள். "இங்க பாருங்கய்யா. சித்திரத்தைத் தாள்ல அச்செடுத்து, கிளாசைச் சுத்தி ஒட்டி, அதுக்கப்புறம் அமிலத்துல விடுவாங்க. தாளோட ரெண்டு முனையும் சேர்ற இடத்துல இலை ஒரு மயிரளவு தப்பும். கை வேலைக்கு இதுதான் சாட்சி. மிஷின் தப்பாது."

"அப்ப நல்ல சரக்கா?"

"சரக்கைப் பத்திக் கவலைப்படாதீங்க."

முதலாளி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நல்ல சத்தம் கேட்டால் அவர் கால் தானாக வந்துவிடும். முழு வரிசை, சித்திரம் அரிதானது, குறையில்லாமல் இருந்தால் இந்த மாத ஏலத்திலேயே முதலில் வைக்கலாம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "விளிம்பு எப்படி?" என்றார்.

அத்தை நடுவிரலை முதல் கோப்பையின் விளிம்பில் வைத்துச் சுற்றினாள். "சுத்தம்." இரண்டாவது. "சுத்தம்." மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்தியே சுற்றினாள். உணர்ச்சி இல்லாத விரல் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் சொல்லாது. சுற்றி முடித்து, நூறு முறை நான் கேட்ட அதே குரலில் சொன்னாள்: "விளிம்பு சுத்தம்."

"அம்மா" என்றார் பெரியவர். "ரத்தம்."

விளிம்பிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மழமழப்பான இடத்தில் வழுக்கி வந்தது, சித்திரத்தைத் தொட்டதும் நின்று பரவியது. ஒரு தட்டானின் இறக்கை நரம்பு நரம்பாகச் சிவந்தது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலில் நல்ல வெட்டு. முகத்தில் வலியின் சாயல் கூட இல்லை. எல்லோருக்கும் எல்லாம் அதில்தான் தெரிந்துபோனது.

நான் எழுந்துவிட்டேன். கை வழுக்கிவிட்டது, கிளாஸ் ஈரமாக இருந்தது என்று என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

பெரியவர் துண்டால் கோப்பையைத் துடைக்கப் போனார். "துடைக்காதீங்கய்யா. ரத்தம் தொடங்கற இடத்துலதான் பல் போயிருக்கு. அடையாளம் போயிடும்." பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். "தம்பி, என் விரல் செத்துப்போச்சு."

ஆட்கள் முன்னால் அவள் அவரைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை.

வைக்கோல் அண்ணன் கையில் இருந்த வைக்கோலோடு அப்படியே நின்றார். "அய்யோ அக்கா, அதுக்கா முத்தம்னு..." என்று இழுத்தார்.

முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப இத்தனை நாளா நம்ம அனுப்பினது?"

"ஒண்ணைக்கூட உதட்டுல வைக்காம அனுப்பல. நீ வேண்டாம்னு சொன்னப்புறம் பின்னறையில வச்சுப் பாத்தேன். பாத்துட்டுத்தான் பெட்டி கட்ட விட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் உடனே ஒரு பதில் சொல்லியிருப்பார். நான் அத்தையின் விரலில் துணியைச் சுற்றினேன். எவ்வளவு இறுக்கியும் "வலிக்குது" என்று சொல்லவில்லை. இறுக்கம் போதுமா என்று நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வேற யாரையாவது வச்சுப் பாத்துச் சொல்றோம்யா" என்றார் முதலாளி பெரியவரிடம். "நாளைக்கு வாங்க."

பெரியவர் பெட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "வேற யாரு எதுக்கு? இவ்வளவு ரத்தம் சிந்தி யாரு பாப்பா? இந்தம்மாவே பாக்கட்டும். உதட்டுல வச்சுப் பாத்தா என்ன, காதுல வச்சுப் பாத்தா என்ன? நான் கடைசி வருஷமெல்லாம் காது கேக்காமத்தான் பஸ் ஓட்டினேன். பக்கக் கண்ணாடியை ரெண்டு மடங்கு பாப்பேன். யாரும் சாகல."

"நல்லவேளை, நான் நடந்தே வருவேன்" என்றார் வைக்கோல் அண்ணன். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய் வைக்கக் கூடாது என்று சொன்னவர், தானே போய் வெந்நீரும் துணியும் கொண்டு வந்து வைத்தார்.

அத்தை கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவச் சொன்னாள். இடது கையால் எடுத்து, எல்லோரும் பார்க்க, கீழுதட்டில் விளிம்பை வைத்துச் சுற்றினாள். யாரும் சிரிக்கவில்லை. ஐந்து சுத்தம். இரத்தம் பட்டதை ஒதுக்கி வைத்தாள். நூல் சுற்றிய கோப்பைக்கு வந்ததும் சுற்று பாதியில் நின்றது. திருப்பி இன்னொரு முறை வைத்தாள்.

"அய்யா, இது வேற மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் நெருப்புல காட்டி உருட்டின விளிம்பு, உதட்டுல வழுக்கிட்டுப் போகுது. இது தட்டையா இருக்கு, ஓரம் லேசா அறுக்குது. யாரோ சாணை பிடிச்சிருக்காங்க." அதை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தாள். நகத்தின் கனம் அளவுக்கு உயரம் குறைந்திருந்தது. மற்றதில் இலை நுனிக்கு மேல் தெளிவான இடைவெளி. இதில் இலை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. "உடைஞ்சிருக்கு. உடைஞ்சதைத் தேச்சுச் சமமாக்கியிருக்காங்க. வரிசையோட சேர்த்து விக்க முடியாது."

பெரியவர் அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டார். நூலை விரலால் தடவினார்.

"என்கிட்ட சொல்லவே இல்ல" என்றார். "ஏன் எப்பவும் இதுலயே குடிக்கறன்னு கேட்டிருக்கேன். 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னா. வர்றவங்க யார் கைக்காவது இது போய் உதட்டைக் கிழிச்சிடுமோன்னுதான் நூல் கட்டியிருக்கா. நான் என்னமோ ராணி கணக்கா தனிக் கிளாஸ் கேக்குதுன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தேன்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாம வாய் வச்சுட்டேன்யா."

"வச்சதாலதானே தெரிஞ்சுது" என்றார். அதைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "இது விக்கறதுக்கு இல்ல. அலமாரித் தட்டுல ஒண்ணு வைக்க இடம் இருக்கும்."

மீதி இருந்த ஒன்றையும் அத்தை சுற்றிப் பார்த்தாள். சுத்தம். ஆறு நல்லது, ஒன்று பல் போனது. விவரத்தை நான் எழுதினேன். பல் போனதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'மிகச் சிறிய சேதம்' என்று எழுதியதை அத்தை பார்த்தாள். "சிறுசா பெருசான்னு வாங்கறவன் சொல்லட்டும். 'விளிம்பில் பல் போயிருக்கிறது, விரலை அறுக்கும்'னு எழுது" என்றாள். அப்படியே எழுதினேன். பட்டப்படிப்பில் என்னிடம் அப்படி எழுதச் சொன்னவர்கள் யாரும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல அத்தைக்கு ஒரு வெட்டு தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

முதலாளி அன்று மாலை வெகுநேரம் மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். அத்தையின் நாற்காலியில். எழுந்திருக்கும்போது சொன்னார்: "அக்கா, நீங்க பின்னறையில உக்காந்து பாருங்க. உதட்டுல வச்சே பாருங்க. வர்ற ஆளுங்ககிட்ட அதை நானே சொல்லிடறேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. முன்னாடி நான் உக்காந்துக்கறேன்."

அத்தை கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. "கதவு?"

"கதவு?"

"திறந்து வச்சா வாசல் தெரியுமா?"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். பின்னறையில் எங்கே நாற்காலி போட்டாலும் அலமாரி மறைத்தது. வைக்கோல் அண்ணன் அதை நகர்த்திப் பார்த்தார். சுவரோடு அடித்த அலமாரி, அசையவில்லை. அத்தை முன்னால் போய், நாற்காலியிலிருந்து மெத்தையை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நாற்காலியையும் எடுத்துக்கங்கக்கா" என்றார் முதலாளி.

"அது வாசல் பாக்கற நாற்காலி. நீ வச்சுக்க."

வேலை மிஞ்சியது, வாசல் போனது. இதை லாபம் என்று எழுதுவதா, நஷ்டம் என்று எழுதுவதா? அத்தையிடமே கேட்டேன். "சாப்பிட வா, ஆறிடும்" என்றாள்.

இப்போது நான் முன்னால் உட்கார்ந்து விவரம் எழுதும்போது பின்னறையிலிருந்து மணிச்சத்தம் வரும். அது நின்று நின்று போகும். அப்புறம் ஊதும் சத்தம். அதற்குப் பிறகு எதுவும் கேட்காது. பொருள் கொண்டு வந்தவர்கள் தலையைத் தூக்கி என்ன ஆயிற்று என்பது போலப் பார்ப்பார்கள். வைக்கோல் அண்ணன் பெட்டியில் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். முதலாளியும் பேச்சை நிறுத்துவார். அத்தை விளிம்பில் இருக்கிறாள். சுற்று முடிந்து குரல் வரும் வரை கடையில் ஒருவரும் பேசுவதில்லை.

"பெட்டியை எப்படித் தூக்கிட்டு வந்தாங்க?" என்று சில நாள் உள்ளேயிருந்து கேட்பாள்.

நான் பின்னறைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வேன். "நெஞ்சோட, அத்தை."

"அப்ப மெதுவாப் பேசுங்க."